ஸ்ப்ளைன் இன்வொல்யூட் ஆகாது

நம் பொறியியல் கல்லூரிகளின் முதலாண்டு வரைகலை வகுப்புகள் பலவற்றில் இன்வொல்யூட் வரையக் கற்பிக்கப்படுவதில்லை. இன்வொல்யூட் போலத் தோன்றும் ஒன்றைத் திரையில் உண்டாக்கவே கற்பிக்கப்படுகிறது. கடுமையான கூற்றுதான், காரணங்களைச் சொல்கிறேன்.

வட்டத்தைச் சுற்றிய நூலை விறைப்பாகப் பிரிக்கையில் அதன் நுனி வரையும் வளைவே இன்வொல்யூட். தாளில் அதற்கான வழி பழையது: வட்டத்தைப் பன்னிரண்டாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தொடுகோடு இழுத்து, சுற்றளவின் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரு பங்கு என அளந்து வைத்துப் புள்ளிகளை இணைத்தல். கவராயம் மட்டும் கையிலிருந்த காலத்தில் அது நேர்மையான முறை. நூல் பிரிவதே அதில் கண்ணுக்குத் தெரியும். அதை அப்படியே ஆட்டோகேட் திரைக்குப் பெயர்த்து, புள்ளிகள் வழியே ஒரு ஸ்ப்ளைனை ஓடவிட்டு, இன்வொல்யூட் வரைந்தாயிற்று என்று மதிப்பெண் வழங்குவதையே மறுக்கிறேன்.

மொழியியல் படித்த ஒருவருக்குப் பற்சக்கரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். விதிக்கும் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடுதான் வேலை. ஒரு மொழியின் பன்னிரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்து, மற்றவற்றை ஊகத்தால் நிரப்புபவரை அம்மொழி அறிந்தவர் என்று எந்த இலக்கண ஆசிரியரும் ஏற்கமாட்டார். ஸ்ப்ளைன் செய்வது அதுவே: குறித்த புள்ளிகளில் மட்டும் உண்மை, இடையில் மென்பொருளின் ஊகம். உவமைத்தொகையில் உருபு மறைந்து நிற்பதுபோல, அந்த வரைபடத்திலும் ஒரு 'போல' மறைந்து நிற்கிறது. தேர்வாளர் அதை விரித்துப் படிப்பதில்லை.

இது வெறும் தத்துவச் சண்டை அன்று. மாட்யூல் 2, பற்கள் 20, அழுத்தக் கோணம் 20 பாகை கொண்ட ஒரு சாதாரணப் பற்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். பிட்ச் வட்டத்தின் ஆரம் 20 மி.மீ.; அதை 20 பாகையின் கோசைனால் பெருக்கினால் அடிவட்டத்தின் ஆரம் 18.79 மி.மீ. பல்லின் உச்சி 22 மி.மீ. ஆரத்தில் நிற்கிறது. நூல் ஏறத்தாழ 35 பாகை பிரிந்ததுமே நுனி அவ்வுச்சியைத் தொட்டுவிடும். பன்னிரண்டில் ஒரு பிரிவே 30 பாகை. ஆக, மாணவர் பாடுபட்டுக் குறித்த புள்ளிகளில் பல்லுக்குள் விழுவது, தொடக்கப்புள்ளியை விட்டால், ஒன்றே ஒன்று! எஞ்சியவை எந்தப் பல்லிலும் இடம்பெறாத வளைவுக்குரியவை. பல்லின் அடியோ 17.5 மி.மீ.யில், அடிவட்டத்துக்கும் உள்ளே இருக்கிறது. அங்கே இன்வொல்யூட்டே கிடையாது. இதை வகுப்பில் யார் சொல்கிறார்கள்?

பல் பயன்படுத்தும் அச்சிறு பகுதியில்தான் ஸ்ப்ளைன் மிகவும் தடுமாறுகிறது. இன்வொல்யூட்டின் வளைவு ஆரம், அதுவரை பிரிந்த நூலின் நீளத்துக்குச் சமம். தொடக்கத்தில் அது சுழியம். வளைவு அடிவட்டத்துக்குச் செங்குத்தாகக் கிளம்ப வேண்டும். ஸ்ப்ளைனுக்கு இது தெரியாது. ஆய்லர் முதலியோர் இவ்வளைவைப் பற்களுக்குப் பரிந்துரைத்ததன் பயனோ இவ்வடிவியலைச் சார்ந்தது: வளைவின் எந்த இடத்துச் செங்கோடும் அடிவட்டத்தைத் தொடுவதால், இரு சக்கரங்களின் மையத்தொலைவு சற்றே மாறினாலும் வேக விகிதம் மாறுவதில்லை.

மாற்று வழி அரிதானதன்று. சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் சமன்பாட்டால் வளைவு வரைய இடமளிக்கின்றன. ஆரத்தை (கோசைன் கோணம் + கோணம் × சைன் கோணம்) என்பதால் பெருக்கினால் கிடைத்தூரம். (சைன் கோணம் − கோணம் × கோசைன் கோணம்) என்பதால் பெருக்கினால் செங்குத்துத் தூரம். தனியே பெருக்கும் கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். க்ரியோவில் சைனும் கோசைனும் பாகையில் இயங்குவதால், அங்கே இதை மறந்தவரின் பல் பூதாகரமாக வீங்கும். அந்தப் பிழைகூட மாணவருக்கு ஒரு பாடம். ஆனால் சமன்பாட்டால் வரைந்த மாணவரிடம் "கட்டுமானக் கோடுகள் எங்கே?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்த கல்லூரியையும் அறிவேன்.

சமன்பாடு கொடுத்தாலும் மென்பொருள் உள்ளே ஸ்ப்ளைனாகத்தானே வைத்துக்கொள்கிறது என்று நண்பர்கள் எதிர்வாதம் செய்வர். பெரும்பாலும் உண்மை. இன்வொல்யூட் இயற்கணிதச் சமன்பாட்டில் அடங்காத வளைவாதலால், எந்த ஸ்ப்ளைனும் அதைத் துல்லியமாக ஏந்த முடியாது. எனினும் அங்கே விதி கொடுக்கப்பட்டிருக்கிறது. விலகலை அளக்கலாம், குறைக்கலாம். பன்னிரண்டு புள்ளிப் பயிற்சியில் விலகல் என்ற சொல்லே எழுவதில்லை.

ஏஐசிடிஇ-யின் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் இன்வொல்யூட் முதல் அலகிலும் கணினி வரைதல் பின்னலகுகளிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது ஆசிரியர் கையில். வினாத்தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: மாணவர் தாம் குறிக்காத ஓர் இடத்தில் வளைவுக்குச் செங்கோடு இழுத்து, அது அடிவட்டத்தைத் தொடாமல் எத்தனை மி.மீ. விலகுகிறது என்று அளந்து எழுதட்டும். ஆட்டோகேட்டிலேயே செய்யலாம், புதிய உரிமம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.