தர்மத்துக்குக் கணக்கு வேண்டாமா?

கோயில் தர்மகர்த்தாவிடம் கணக்குக் கேட்கிறவனை நம்மவர்கள் பகுத்தறிவுவாதி என்று மெச்சுகிறார்கள். ஆனால் அதே மனிதன் திரும்பி வந்து நம்முடைய சங்கத்துக் காரியதரிசியிடம் கணக்குக் கேட்பானேயானால் அவனுக்குத் துரோகி என்று பெயர் வைக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பசுமலையில் நடந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறோம். சுமார் பதினாறு வருஷங்களுக்கு முன்பு கொத்தனார்கள், தையல்காரர்கள், லாரி டிரைவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோர் சேர்ந்து ஒரு படிப்பகமும் அதோடு ஒரு சாவுச் செலவு நிதியும் ஆரம்பித்தார்கள். ஆளுக்கு மாதம் 50 ரூபாய். அங்கத்தினர் வீட்டில் யார் இறந்தாலும் அன்றைக்கே பணம் கையில் வரும். புரோகிதனுக்கும் சடங்குக்கும் அதில் காலணா கிடையாது. அடக்கச் செலவுக்குப் போக மீதி அந்த வீட்டு அடுப்புக்கு. இதில் அறுபது பேர் இருந்தார்கள். பணத்தை ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தம் பெயரில் பாங்கியில் போட்டு வைத்திருந்தார். அவர் யோக்கியர் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சங்கத்துப் பணத்தில் ஒரு டீ குடித்தவரல்ல. ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் தம் கையால் எழுதி வைத்தார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் மாரடைப்பால் இறந்து போனார். பிள்ளைகள் வந்தார்கள். "அப்பா கணக்கில் இருப்பது அப்பா பணம்" என்றார்கள். பாங்கிக்காரர்கள் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். நம்மவர்கள் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினார்கள். வக்கீல், "உங்கள் சங்கம் எங்கே இருக்கிறது?" என்றார். "பசுமலையில்" என்றார்கள். "நான் ஊரைக் கேட்கவில்லை, எந்தக் காகிதத்தில் இருக்கிறது?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் ஒரு அம்மாளின் புருஷன் இறந்தான். பதினாறு வருஷம் தவறாமல் சந்தா கட்டிய அந்த அம்மாள் பிணத்தை எடுக்க மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கினாள்.

வாத்தியார் மீது குற்றமில்லை. ஆனால் தோழர்களே, யோக்கியதை வாரிசுக்கு இறங்குவதில்லை, பணம் இறங்குகிறது. இந்தச் சின்ன உண்மையைக் கவனியாமல் அறுபது குடும்பங்கள் பதினாறு வருஷம் ஒரு மனிதரின் நெஞ்சத்துடிப்பை நம்பி வாழ்ந்திருக்கின்றன. ஒரு பெரியவரை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருப்பதற்கும், ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றே ஒன்று: ஆண்டவன் பெயரில் பாங்கிக் கணக்கு இல்லை.

நிற்க, இந்த நிதியைப் புதிதாக ஆரம்பித்து முறைப்படி சங்கமாகப் பதிவு செய்வோம் என்று நாம் சொன்னபோது மூன்று ஆட்சேபணைகள் கிளம்பின.

முதலாவது, "தர்ம காரியத்துக்குப் பதிவு எதற்கு? நல்ல மனசு போதாதா?" என்பது. நல்ல மனசு போதும் என்பது மற்ற யாருக்காவது தெரிந்திருக்கிறதா என்று பார்ப்போம். பசுமலையை இன்றைய பசுமலை ஆக்கியவர்களில் 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் முக்கியமானவர்கள். இங்கே 1881இல் அவர்கள் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் மதுரைக்குப் போய் அமெரிக்கன் கல்லூரி ஆயிற்று. இந்த மிஷன் சபைகள் 1947 செப்டம்பரில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. அந்தத் திருச்சபை தன் சொத்துகளைப் பரமபிதாவின் பொறுப்பில் விட்டதா? இல்லை. அதே மாதத்தில், லாபம் பங்கிடாத கம்பெனியாக ஒரு டிரஸ்டு அசோசியேஷனைக் கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்து வைத்தது.

கிறிஸ்தவர்கள் மாத்திரமா? விவேகானந்தர் 1897இல் ஆரம்பித்த ராமகிருஷ்ண மிஷன், உலகம் மாயை என்று உபதேசிக்கும் சந்நியாசிகளுடையது. அதுவும் 1909இல் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாயிற்று. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களோடு பேசுவதாகச் சொன்ன அடையாறு பிரம்மஞான சபையும் 1905இல் அதே சட்டப்படி சென்னையில் பதிவாயிற்று. மோட்சத்தைப் பற்றிப் பேசும்போது சாட்சி கேட்காதே என்கிறவர்கள், மண்ணையும் கட்டடத்தையும் பற்றிப் பேசும்போது மாத்திரம் சாட்சி, கையெழுத்து, முத்திரை, பதிவு எண் எல்லாம் வைத்துக் கொள்ளுகிறார்கள். இதற்காக அவர்களை நாம் குறை சொல்லவில்லை. இந்த ஒரு காரியத்தில் அவர்கள் நம்மைவிடப் பகுத்தறிவோடு நடந்து கொண்டார்கள் என்றே சொல்லுகிறோம். மாயை என்றவன் பத்திரம் வைத்திருக்கிறான். மெய் என்றவன் வெறுங்கையோடு நிற்கிறான்!

இரண்டாவது ஆட்சேபணை, "சுயமரியாதைக்காரனுக்குச் சர்க்காருடைய முத்திரை எதற்கு? நம் கொள்கை சரியாயிருந்தால் போதாதா?" என்பது. கேட்பதற்கு வீரமாய் இருக்கிறது. ஆனால் இந்த வீரத்தின் விலை நமக்கு ஏற்கெனவே தெரியும். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதனில்லாத திருமணம் நடந்தது. பிறகு அம்மாதிரி நூற்றுக்கணக்கில் நடந்தன. கொள்கை சரியானதுதான். ஆனால் 1953இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு சொத்து வழக்கு வந்தபோது, அம்மாதிரியான திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதனால் நஷ்டப்பட்டது மேடையில் பேசினவர்கள் அல்ல. மனைவி என்ற உரிமையை இழந்த பெண்களும், வாரிசு என்ற உரிமையை இழந்த குழந்தைகளுமே. 1967இல் சட்டம் திருத்தப்பட்டு 1968இல் அமுலுக்கு வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. கொள்கை சரியாயிருந்தும் சட்டம் இல்லாவிட்டால் முதலில் மிதிபடுகிறவள் பெண்தான் என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்? நமது பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்கு நேர்ந்ததும் அதுவே அல்லவா? பெரியார் அவர்களும் தம் பொதுச் சொத்தைத் தம் பெயரோடு போக விடாமல் 1952இல் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனத்தைப் பதிவு செய்து வைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது நமக்கு வேண்டாமா?

மூன்றாவது ஆட்சேபணை, "பதிவு செய்தால் சர்க்கார் நம் காரியத்தில் தலையிடும்" என்பது. இதைச் சொல்லுகிறவர்கள் சட்டம் என்ன கேட்கிறது என்று படித்தவர்களல்ல. நாமும் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தோம். 1860ஆம் வருஷத்திய 21ஆவது சட்டம்தான் இதற்குத் தாய். படிப்பு, விஞ்ஞானம், தர்மம் ஆகிய காரியங்களுக்காக ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்றது அது. நம் மாகாணத்தில் இப்போது நடப்பிலிருப்பது 1978இல் அமுலுக்கு வந்த 1975ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். கல்வி, தர்மம், சமூக சீர்திருத்தம், பொது சுகாதாரம் முதலிய நோக்கங்கள் எல்லாம் அதில் அடங்கும். இருபது பேருக்குக் குறையாத சங்கம் கட்டாயம் பதிய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஆக, அறுபது பேரை வைத்துக்கொண்டு பதியாமல் இருந்த நமது நிதி தர்மம் செய்துகொண்டே சட்டத்தையும் மீறிக்கொண்டிருந்தது!

சரி, அந்தச் சட்டம் கேட்பது என்ன? சங்கத்தின் நோக்கங்களை எழுது என்கிறது. நடக்க வேண்டிய விதிகளை, அதாவது பைலாவை, எழுது என்கிறது. அங்கத்தினர் பெயரைப் புத்தகத்தில் பதி என்கிறது. கமிட்டியில் மூன்று பேருக்குக் குறையாமல் வை, மூன்று வருஷத்துக்கு மேல் போகாமல் மறுபடி தேர்ந்தெடு என்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் பொதுக்குழுவைக் கூட்டு, வரவு செலவைத் தணிக்கை செய்து காட்டு, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய் என்கிறது. அங்கத்தினரில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டால் பதிவாளர் விசாரணை செய்யலாம் என்கிறது. இதில் எது தலையீடு? யோக்கியமாக நடக்கிற எந்தச் சங்கமும் சட்டம் இல்லாமலே செய்ய வேண்டிய காரியங்கள் இவை. இவைகளைக் கண்டு பயப்படுகிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்பதை வாசகர்களே யூகித்துக் கொள்ளட்டும்.

இதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? சங்கத்தின் பெயரில் பாங்கிக் கணக்கு வைக்கலாம். காரியதரிசி செத்தாலும் கணக்கு சாகாது. சங்கத்தின் பெயரால் வழக்காடலாம். வழக்காடுகிறவர் செத்தாலும் வழக்கு சாகாது. சங்கத்தைக் கலைத்தாலும் மீதிச் சொத்தை அங்கத்தினர் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அது வேறொரு பொதுக் காரியத்துக்கே போக வேண்டும். எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பதிவாளரிடம் தாக்கல் செய்த காகிதங்களை ஒரு ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றது 1860ஆம் வருஷத்துச் சட்டம். என்ன சாதி என்று கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்தாயா என்று கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ கர்ப்பக்கிரகங்களுக்கு முன்னால் நிற்கவும் நாதியற்றிருந்த ஒரு மனிதனுக்கு, ஒரு பொதுச் சொத்தின் கணக்கை முகத்துக்கு நேரே விரித்துப் பார்க்கிற உரிமையை ஒரு ரூபாய்க்குக் கொடுத்தது அந்தச் சட்டம். இதுவல்லவோ தரிசனம்!

இவ்வளவு சொன்னதனால் பதிவு எண் கிடைத்ததும் எல்லாம் கிடைத்துவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. நம்மவர்களுக்கு எதையும் தாயத்தாக்கிக் கட்டிக்கொள்வது பிறவிக் குணம். புருஷன், பெண்சாதி, மகன், மருமகள், மைத்துனன் என்று ஏழு பேரை எழுதிப் பதிந்துவிட்டு, பதிவு எண்ணை லெட்டர் தலைப்பில் விபூதிப் பட்டை மாதிரி அச்சடித்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்பும் தர்மவான்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அது சங்கமல்ல, குடும்பம். இன்னும் சிலர் புரோக்கரிடம் பணம் கொடுத்து எங்கேயோ எவரோ எழுதின பைலாவை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத் தலையாட்டாதே என்று ஊருக்குச் சொல்லுகிற நாம், அர்த்தம் தெரியாத பைலாவுக்கு மாத்திரம் கையெழுத்துப் போடலாமா? தமிழில் எழுதுங்கள், எல்லோரையும் கூட்டிவைத்து உரக்கப் படியுங்கள், எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினருக்கும் விளங்குகிறவரையில் விடாதீர்கள்.

மேலும், சங்கமாகப் பதிந்துவிட்டதாலேயே வருமான வரி விலக்கு வந்துவிடாது. அதற்கு வருமான வரி இலாகாவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து நன்கொடை வாங்குவதற்கு 2010ஆம் வருஷத்துச் சட்டப்படி வேறு அனுமதி வேண்டும். இவைகளை எல்லாம் ஒன்றென்று சொல்லிப் பணம் பறிக்கிறவனை நம்பாதீர்கள்.

சங்கம் வேண்டாம், டிரஸ்டாகவே எழுதிவிடலாமே என்று சில பெரிய மனிதர்கள் யோசனை சொல்லுகிறார்கள். டிரஸ்டும் சட்டப்படி சரியானதே. ஆனால் அதில் பத்திரம் எழுதுகிறவர் தம்மை ஆயுள் பரியந்தம் டிரஸ்டி என்று எழுதிக்கொள்ளலாம். தமக்குப் பின் தம் மூத்த மகன் என்றும் எழுதிக்கொள்ளலாம். பரம்பரைத் தர்மகர்த்தா, பரம்பரை அர்ச்சகர் என்பவைகளை எதிர்த்து வந்த நாம் பரம்பரைத் தலைவரை உண்டாக்குவானேன்? மாதம் 50 ரூபாய் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு, மூன்று வருஷத்தில் தலைவரை மாற்றும் அதிகாரம் என்பதே ஏழைகள் சேர்ந்து நடத்தும் காரியத்துக்கு ஏற்றது. அதில் சண்டை வராதா என்று கேட்டால், வரும். பொதுக்குழுவில் வெளிச்சத்தில் வருகிற சண்டை, நல்லவர் செத்த பிறகு இருட்டில் நடக்கிற சூறையைவிட எவ்வளவோ மேல்.

ஆகவே தோழர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் கூடுவதாக ஏற்பாடு. முதல் ஏழு கையெழுத்தில் மூன்றாவது பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் பதினாறு வருஷமும் நிதியில் பாதிக்கு மேல் பணம் கட்டினவர்கள் அவர்கள். கமிட்டியில் ஒருவரும் இருந்ததில்லை. எந்தச் சாதிக்காரருக்கும் தனிப் பாத்தியம் இல்லை என்பது பைலாவின் முதல் விதியாக இருக்கட்டும். இரண்டாவது விதி, எந்த அங்கத்தினரும் எந்த நாளும் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்பதாக இருக்கட்டும். நம்மையும் சேர்த்து எவரையும் நம்பாதீர்கள்; கணக்கைப் பார்த்து, பிறகு நம்புங்கள். கடன் வாங்கிப் புருஷனை அடக்கம் செய்த அந்த அம்மாளுக்கு நாம் செலுத்த வேண்டிய பாக்கி அதுதான். அந்தப் பாக்கியை எந்த நல்ல மனசாலும் தீர்க்க முடியாது.