எந்த நாடாவிலிருந்து வந்தது இந்த இசைத்தட்டு?

1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் ஒரு நிதி திரட்டும் கச்சேரி நடந்தது. திரண்ட பணம் சேர வேண்டிய இடம் இன்டக்ரல் யோகா நிறுவனம். அதை அமெரிக்காவில் நிறுவியவர், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். மேடையில் ஹார்ப்பும் பியானோவும் வாசித்தவர் ஆலிஸ் கோல்ட்ரேன். அவரோடு ஃபாரோ சாண்டர்ஸ், ஆர்ச்சி ஷெப் என இரண்டு சாக்ஸபோன் கலைஞர்கள். ஜிம்மி கேரிசன், செசில் மெக்பீ என இரண்டு பாஸ். எட் பிளாக்வெல், கிளிஃபர்ட் ஜார்விஸ் என இரண்டு டிரம்ஸ். இவர்களுக்கு நடுவே ஓர் ஆர்மோனியமும் ஒரு தம்புராவும்.

அந்த மாலையின் இசை முழுமையான இரட்டை எல்.பி.யாகக் கடைக்கு வந்தது 2024 மார்ச்சில்தான். நடுவில் 53 ஆண்டுகள் ஓடிவிட்டன.

'தி கார்னகி ஹால் கான்சர்ட்' என்ற அந்த இசைத்தட்டு, ஜாஸ் சேகரிப்பாளர்கள் அண்மைக் காலத்தில் மிகவும் கொண்டாடிய வெளியீடுகளில் ஒன்று. கொண்டாட்டத்துக்குக் காரணம் உண்டு. முதல் பகுதியில் ஆலிஸின் சொந்தப் படைப்புகளான 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 'சிவ லோகா' இரண்டும் தம்புராவின் சுருதிமேல் நிதானமாக விரிகின்றன. அடுத்து அவருடைய மறைந்த கணவர் ஜான் கோல்ட்ரேனின் 'ஆப்பிரிக்கா', 'லியோ' வரும்போது மேடையே கொதிக்கத் தொடங்குகிறது. 'ஆப்பிரிக்கா' மட்டும் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரே இரவில், ஒரே குழு, தியானத்திலிருந்து பேரிரைச்சலுக்குப் போகும் அந்தப் பயணத்தை ஸ்டூடியோவில் பதிவான அவருடைய எந்த ஆல்பத்திலும் இவ்வளவு அப்பட்டமாகக் கேட்க முடியாது.

இந்த வெளியீட்டில் பாராட்ட வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. இம்பல்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அந்தக் கச்சேரியை நான்கு தடங்களில் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தது. அப்போது அது வெளிவரவில்லை. பிறகு மூல நாடாக்கள் காணாமல் போயின. மிஞ்சியது, தயாரிப்பாளர் எட் மிஷெல் கேட்டுப் பார்ப்பதற்காகக் கலந்து வைத்திருந்த இரண்டு தட நாடா மட்டுமே. நான்கு தடங்கள் கைக்குக் கிடைத்திருந்தால் தாளத்தையும் ஹார்ப்பையும் தனித்தனியே ஏற்றி இறக்கி, ஒலியைப் புதிதாகச் சமன் செய்திருக்கலாம். கலந்து முடிந்த இரண்டு தடத்தில் அதற்கு அவ்வளவாக இடமில்லை. எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்ற இந்த விவரத்தை வெளியீட்டாளர்கள் மூடி மறைக்கவில்லை. வாங்குபவர் எதைக் கேட்கப்போகிறார் என்று தெரிந்தே வாங்கினார்.

இசைத்தட்டு மறுபதிப்பு என்ற தொழில் முழுவதுக்கும் இதுவே விதியாக வேண்டும். எந்த நாடாவிலிருந்து தட்டு வெட்டப்பட்டது என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும். வாங்குபவருக்கு அது உரிமை. விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கூடுதல் தகவலாக மட்டும் அதை விட்டுவிடக் கூடாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? தட்டு உருவாகும் முறையே காரணம். முதலில் நாடாவை ஓடவிட்டு, அதன் ஒலியை அரக்குப் பூச்சுள்ள அலுமினியத் தட்டில் வரிப்பள்ளமாக வெட்டுகிறார்கள். அந்தத் தட்டின்மேல் நிக்கல் முலாம் ஏற்றி அச்சு எடுக்கிறார்கள். இரு பக்கத்து அச்சுகளுக்கு நடுவே சூடான வினைலை வைத்து அழுத்தினால் இசைத்தட்டு. முதல் படியில் ஓடியது மூல நாடாவா, அதன் மூன்றாவது நகலா, சி.டி.க்காகத் தயாரித்த டிஜிட்டல் கோப்பா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும். முடிந்த தட்டைக் கையில் எடுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கனமும் பளபளப்பும் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

2022 ஜூலையில் நடந்ததை சேகரிப்பாளர் உலகம் மறக்கவில்லை. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், மூல நாடாவிலிருந்து நேரே வெட்டப்படுபவை என்று நம்பப்பட்ட மறுபதிப்புகளால் பெயர் பெற்றது. 'ஒன் ஸ்டெப்' என்ற அதன் உயர்தர வரிசையில் ஓர் ஆல்பத்தின் விலை அப்போது 125 டாலர். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தை அந்த வரிசையில் 40,000 பிரதிகள் கொண்டுவருவதாக அறிவித்தபோதுதான், அத்தனை பிரதிகளுக்காக ஒரு மூல நாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட முடியுமா என்ற சந்தேகம் எழுந்தது. அரிசோனாவில் கடை நடத்தும் ஒருவர் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டார். நிறுவனத்தின் பொறியாளர்களே அவரிடம் ஒப்புக்கொண்டார்கள்: பல ஆண்டுகளாகவே இடையில் டிஜிட்டல் படி ஒன்று இருந்து வந்திருக்கிறது.

அந்தத் தட்டுகள் மோசமாக ஒலித்தன என்று யாரும் சொல்லவில்லை. அனலாக் ஒலியின் உச்சம் என்று அவற்றைப் புகழ்ந்தவர்களே நிறைய. டிஜிட்டல் படி ஒலியைக் கெடுத்துவிடும் என்ற வாதத்துக்கு அது நல்ல பதிலடி. ஆனாலும் வாங்கியவர்கள் கோபப்பட்டது நியாயம். அவர்கள் காசு கொடுத்தது ஒரு வாக்குறுதிக்கு. அவர்கள் தொடுத்த வழக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் தன் தட்டுகளின் ஒலி எந்த மூலத்திலிருந்து எந்தப் படிகள் வழியே வருகிறது என்று வெளியிடத் தொடங்கியது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஒழுங்காகச் செய்பவர்களுக்கும் குறைவில்லை. ப்ளூ நோட் நிறுவனம் 2019இல் தொடங்கிய 'டோன் போயட்' வரிசை நல்ல எடுத்துக்காட்டு. தயாரிப்பு மேற்பார்வை ஜோ ஹார்லி. மூல நாடாவிலிருந்து தட்டு வெட்டுபவர் கெவின் கிரே. அழுத்தும் ஆலை கலிஃபோர்னியாவில் உள்ள ஆர்.டி.ஐ. இத்தனையும் வெளிப்படை. நியூஜெர்சி ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையை ஒலிப்பதிவுக் கூடமாக்கிய ரூடி வான் கெல்டர் அன்று நாடாவில் பிடித்து வைத்ததற்கும், இன்று ஊசிக்குக் கீழே சுழல்வதற்கும் இடையே எத்தனை கைகள் உண்டு என்று வாங்குபவர் எண்ணிப் பார்த்துவிடலாம். உள்ளே விரியும் அட்டையில் ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். தட்டின் நிறம் கறுப்பு. வேறு ஜிகினா எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

மூல நாடாவே இல்லாத இடங்களில் வெளிப்படைத்தன்மையின் அருமை இன்னும் கூடுகிறது. ஜான் கோல்ட்ரேன் நால்வர் குழு 1963 மார்ச் 6 அன்று பதிவு செய்த ஆல்பம் 'போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்' என்ற பெயரில் 2018இல் வெளிவந்தது. மூல நாடா அழிந்துவிட்டது. கேட்டுப் பார்ப்பதற்காகக் கோல்ட்ரேன் வீட்டுக்கு எடுத்துச் சென்ற மோனோ நகல், அவருடைய முதல் மனைவி நைமாவின் குடும்பத்தினரிடம் பத்திரமாக இருந்தது. 2023இல் வந்த 'ஈவினிங்ஸ் அட் தி வில்லேஜ் கேட்' இன்னும் வியப்பானது. 1961இல் வில்லேஜ் கேட் என்ற நியூயார்க் கிளப்பின் புதிய ஒலியமைப்பைச் சோதித்துப் பார்க்க ரிச் ஆல்டர்சன் என்ற பொறியாளர் ஒற்றை மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்த நாடா அது. கோல்ட்ரேனும் எரிக் டால்ஃபியும் சேர்ந்து வாசித்த அந்த இரவுகள் நியூயார்க் பொது நூலகத்தின் காப்பகத்தில் பல ஆண்டுகள் உறங்கின. டிரம்ஸ் ஓங்கி ஒலிக்கிறது, பாஸ் பின்னால் தள்ளிப்போகிறது. ஒற்றை மைக் என்று அட்டை சொல்லிவிடுவதால் காது அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

ஆலிஸ் கோல்ட்ரேனிடம் திரும்பினால், அவருடைய மறுபதிப்பு வரிசை முழுவதுமே நாடாக்களின் கதைதான்.

டெட்ராயிட்டில் 1937இல் பிறந்து, சிறுவயதில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர் அவர். 1967 ஜூலையில் கணவர் இறந்தபோது நான்கு குழந்தைகளுடன் தனியே நின்றார். ஜான் வாங்குவதற்கு ஏற்பாடு செய்திருந்த ஹார்ப், அவர் இறந்த பிறகே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சச்சிதானந்தரைச் சந்தித்த பின் ஆலிஸின் இசை திசை மாறியது. 1971இல் வெளிவந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' ஆல்பத்தில் தம்புராவும் அரபு நாட்டு ஊத் கருவியும் ஜாஸோடு கலக்கின்றன. கோவைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஒரு துறவியின் பெயர், அமெரிக்க ஜாஸ் வரலாற்றின் மிக அழகான தட்டுகளில் ஒன்றின் தலைப்பாக நிற்கிறது. தமிழ்நாட்டில் இது பரவலாகத் தெரியாமல் போனது வருத்தம்தான்.

எழுபதுகளின் இறுதியில் வணிக இசையிலிருந்து விலகி, துரியசங்கீதானந்தா என்ற பெயரோடு கலிஃபோர்னியாவின் அகோரா ஹில்ஸ் பகுதியில் ஆசிரமம் நடத்தினார். அங்கே வடமொழி பஜனைகளுக்கு டெட்ராயிட் தேவாலயத்தின் கைத்தட்டலும் சிந்தசைசரின் சறுக்கலும் சேர்ந்தன. 1982 முதல் 1995 வரை அவை கேசட்டுகளாக, பக்தர் வட்டத்துக்குள் மட்டும் புழங்கின. 2017இல் லுவாக்கா பாப் நிறுவனம் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பை இரட்டை எல்.பி.யாக வெளியிட்டது. பழைய கேசட்டிலிருந்து நகலெடுத்து முடித்துவிடவில்லை. முதலில் அந்த இசையைப் பதிவு செய்த பொறியாளர் பேக்கர் பிக்ஸ்பியைக் கொண்டே மூல நாடாக்களிலிருந்து ஒலியைத் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் வூல்சி காட்டுத்தீயில் ஆசிரமக் கட்டடம் எரிந்துபோனது. அங்கே பாடியவர்களின் கூட்டுப் பாட்டு தட்டில் இருக்கிறது.

2021இல் வந்த 'கீர்த்தன்: துரிய சிங்ஸ்' சற்றுச் சிக்கலான கதை. 1982ஆம் ஆண்டுக் கேசட்டில் ஆலிஸின் குரலோடு வயலின் கூட்டமும் சிந்தசைசரும் நிறைந்திருந்தன. அவருடைய மகன் ரவி கோல்ட்ரேனுக்கு 2004இல் வேறொரு கலவை கிடைத்தது. அதில் குரலும் வுர்லிட்சர் ஆர்கனும் மட்டும். அந்த எளிய வடிவத்தையே அவர் வெளியிட்டார். 'ஜெகதீஸ்வர்', 'கோவிந்த ஹரி' போன்ற பாடல்களை அப்படிக் கேட்கும்போது, யாருக்காகவும் இல்லாமல் ஒருவர் தனியே பாடுவது போலிருக்கிறது. அலங்காரத்தோடு இருந்த பழைய வடிவத்தையே விரும்புகிறவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு என்று தலைப்பிலும் குறிப்பிலும் தெளிவாகச் சொல்லப்பட்டிருப்பதால் அந்த விவாதம் நேர்மையாக நடக்கிறது.

சந்தை இப்போது இருக்கும் நிலையில் இந்த நேர்மை தானாக வந்துவிடாது. அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கத்தின் கணக்குப்படி 2022இல் அங்கே 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. சி.டி. 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் தட்டு முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. பெரிய நிறுவனங்கள் இந்தப் பசிக்கு நிறத்தாலும் அட்டையாலும் தீனி போடுகின்றன. டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'மிட்நைட்ஸ்' நான்கு அட்டைகளில் வந்தது. நான்கின் பின்பக்கத்தையும் சேர்த்தால் ஒரு கடிகாரம். ரசிகர்களுக்கு அதில் மகிழ்ச்சி என்றால் யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊதா நிறமா பச்சை நிறமா என்று எழுதிய ஸ்டிக்கர் ஒட்டும் அக்கறை, உள்ளே இருக்கும் ஒலியின் பிறப்பிடத்தைச் சொல்வதிலும் இருக்க வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய இசையை மறுபடி விற்கும்போது அது கட்டாயம்.

இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் பாடல்களைத் தொகுத்து பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் எல்.பி. கொண்டுவந்திருக்கிறது. தமிழ்த் திரையிசையும் கர்நாடக இசையும் இனி மேலும் மேலும் தட்டுகளாகத் திரும்பி வரும்போது, இங்குள்ள சேகரிப்பாளர்களும் கடைக்காரர்களும் அட்டையைத் திருப்பிப் பார்த்துக் கேட்க வேண்டியவை நான்குதான். எந்த நாடா அல்லது கோப்பு, அது எந்த ஆண்டைச் சேர்ந்தது, இடையில் டிஜிட்டல் படி உண்டா, தட்டை வெட்டியவர் யார். நான்கு வரி அச்சிட அட்டையின் பின்பக்கத்தில் தாராளமாக இடமிருக்கிறது.