கணிதத்தின் மேல்வகுப்பில் தமிழுக்கு இடமில்லையா?

"கணிதம் படித்து என்ன பயன்?" என்று நம்மவர் கேட்கும் கேள்வி பழையது. மருத்துவம், பொறியியல் என்னும் இரு வாயில்களை நோக்கியே பிள்ளைகளைத் துரத்தும் நம் சமூகம், பல்கலைக்கழகத்தில் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் பயில்வோனை இரக்கத்தோடு பார்க்கின்றது. ஆயின் அவனை உண்மையில் தளரச் செய்யும் தடை வேறொன்று உண்டு. அதனையே இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

க.பொ.த. உயர்தரம் வரை அவன் தமிழில் பயின்றவன். வகையீடும் தொகையீடும் அவனுக்குத் தாய்மொழியிலேயே கைவந்தன. பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலோ போதனாமொழி ஆங்கிலம். முதலாம் ஆண்டில் இதனால் பேரிடர் இல்லை. கணக்கைச் செய்து விடை காண்பதற்குக் குறியீடுகள் பெரிதும் துணைநிற்கும். மூன்றாம் ஆண்டில் மெய்யெண் பகுப்பாய்வு, அருவ அட்சரகணிதம் முதலியவற்றை ஆழ்ந்து பயிலும்போது நிலைமை மாறுகின்றது. அங்கே விடையைக் கேட்பாரில்லை, நிறுவலைக் கேட்கின்றனர். நிறுவலோ வாக்கியங்களால் ஆனது.

ஓர் உதாரணம் கூறுவோம். "ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு உண்டு" என்பது ஒரு கூற்று. "எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவான கிணறு ஒன்று உண்டு" என்பது மற்றொரு கூற்று. முன்னது மெய்யாயிருக்கப் பின்னது பொய்யாகலாம். பங்குக் கிணற்றில் முறைவைத்து நீரிறைத்த நம் கமக்காரருக்கு இவ்வேறுபாட்டை எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஒரு சார்பு தொடர்ச்சியானது என்பதற்கும், சீராகத் தொடர்ச்சியானது என்பதற்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஏற்றதோர் அளவு கிடைத்தாற் போதும் என்பது முன்னையது. எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பது பின்னையது.

இதனை அற்பமென்று எண்ணற்க. பிரான்சியப் பேரறிஞர் கோசி 1821இல் வெளியிட்ட நூலில், ஒருங்கும் தொடரொன்றின் உறுப்புகள் யாவும் தொடர்ச்சியான சார்புகளாயின் அவற்றின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானதே என்று கூறினார். அதற்கு விதிவிலக்கு உண்டென 1826இல் நோர்வே நாட்டு இளைஞர் ஏபெல் எடுத்துக்காட்டினார். பின்வந்தோர் ஆராய்ந்தபோது, வழுக்கிய இடம் "ஒவ்வொன்றுக்கும்" என்பதற்கும் "எல்லாவற்றுக்கும் பொதுவாக" என்பதற்கும் இடையிலேயே இருந்தது.

கோசியே வழுக்கிய இடத்தில், பிறமொழியில் தடுமாறும் மாணவன் யாது செய்வான்? மனனம் செய்வான். மனனம் செய்த நிறுவல் பரீட்சை மண்டப வாயிலிலேயே அவனை விட்டு நீங்கும். அவனே நாளை நம் பாடசாலைக்குக் கணித ஆசிரியனாய் வருவான். காரணத்தைத் தானே உணராதவன், "ஏன்?" என்று கேட்கும் பிள்ளைக்கு எதனைச் சொல்வான்? நட்டம் ஒருவனோடு முடிவதன்று.

தமிழ் இதற்கு ஆற்றாது என்போர் நம் வரலாற்றை அறியாதார். 1823இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற கறல் விசுவநாதபிள்ளை, 1855இலேயே வீசகணிதத்தைத் தமிழ் நூலாக்கினார். இலங்கை சுதந்திரம் பெற்றபின் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆகவே சொற்கள் உள. அச்சொற்களைக் கொண்டு மேல்வகுப்பு நிறுவல்களை விளக்கும் நூல்களே அரியன.

ஆங்கிலத்தை அகற்றுக என்று நாம் கூறவில்லை. உலக ஆய்வுகளைப் படிப்பதற்கு அது இன்றியமையாதது. நாம் வேண்டுவன இரண்டே. பயிற்சி வகுப்புகளில் மாணவர் தமது நியாயத்தை முதலில் தமிழில் வாதித்து, அதன்பின் ஆங்கிலத்தில் எழுத இடமளித்தல் ஒன்று. மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடம் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு துணைநூல் ஆக்குதல் மற்றொன்று. எழுதுவதற்கு ஓய்வுபெற்ற விரிவுரையாளர்கள் முன்வர வேண்டும். அச்சிடுவதற்கு, பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும்.

எல்லா நூல்களும் ஒருங்கே வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. மெய்யெண் பகுப்பாய்வுக்கு நல்லதொரு தமிழ்த் துணைநூல் முதலில் வெளிவரட்டும். கற்றோர் எழுதுக; வசதியுடையோர் உதவுக. அடுத்த மூன்றாம் ஆண்டு மாணவனாவது பொருளுணர்ந்து படிக்கட்டும்!