72 நொடியில் ஒரு பேரேடு

மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான க்யூட் நுழைவுத் தேர்வில் கணக்குப்பதிவியல் எழுதிய மாணவர்கள் விரும்பினால் அதை மறுபடி எழுதலாம் என்று 2025 மே மாதத்தில் தேசியத் தேர்வு முகமை அறிவிக்க வேண்டி வந்தது. பள்ளியில் விருப்பப் பகுதியாக இருக்கும் கணினிவழிக் கணக்கியலை எல்லோருக்கும் கட்டாயமாக்கி வினாத்தாள் வந்துவிட்டது என்ற புகார்தான் காரணம். நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வு, கணினிவழிக் கணக்கியல் இரண்டில் ஒன்றைப் படித்தால் போதும் என்பது சிபிஎஸ்இ வழக்கம். வணிகவியல் ஆசிரியர் எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மறுதேர்வோடு விவகாரம் முடிந்ததாக நினைக்கிறார்கள். முடியவில்லை. வினாத்தாளில் நேர்ந்த தவறு சிறிது; கணக்குப்பதிவியலை இப்படிச் சோதிக்கலாம் என்று முடிவெடுத்ததுதான் பெருந்தவறு.

ஐம்பது வினா, அறுபது நிமிடம். வினா ஒன்றுக்கு 72 நொடி. சரியென்றால் 5 மதிப்பெண், தவறென்றால் ஒன்று போகும். இந்த 72 நொடியை ஒரு கூட்டாளி சேர்ப்புக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருவர் 3:2 விகிதத்தில் லாபம் பகிர்கிறார்கள். மூன்றாமவர் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்து சேர்கிறார். கட்டட மதிப்பு கூடுகிறது, சரக்கு மதிப்பு குறைகிறது, வாராக்கடனுக்கு ஒதுக்கு வைக்க வேண்டும், நற்பெயருக்குப் புதியவர் கொண்டுவந்த தொகையைப் பழையவர்களுக்குப் பிரிக்க வேண்டும். மறுமதிப்பீட்டுக் கணக்கு, முதல் கணக்குகள், கடைசியில் இருப்புநிலைக் குறிப்பு. கோடு போட்டு எழுதி முடித்து இரு பக்கமும் கூட்டினால் 1,700 ரூபாய் இடிக்கிறது. பயின்ற கை உடனே அதை இரண்டால் வகுக்கும். 850. கடனாளிகளிலிருந்து கழிக்க வேண்டிய 850 ரூபாய் ஒதுக்கைக் கூட்டி வைத்திருக்கிறோம் என்று பிடிபடும். கணக்கு தெரிந்தவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவரை உருவாக்குவது இந்தத் தேடல்தான். 72 நொடியில் இதைக் கேட்க முடியாது. தியாக விகிதம் என்ன என்று கேட்கலாம். விடை 3:2. கேள்வியிலேயே கிடக்கிறது. ஏன் என்று தெரியாதவரும் தொட்டுவிட்டுப் போகலாம்.

பட்டயக் கணக்காளர் நிறுவனம் இதை அறிந்தே வைத்திருக்கிறது. சிஏ ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள். கணிதமும் பொருளியலும் கொள்குறி வகை, தவறுக்குக் கால் மதிப்பெண் குறையும். கணக்கியலும் வணிகச் சட்டமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டியவை. எதைக் கட்டத்தில் குறிக்கலாம், எதை எழுதித்தான் காட்ட வேண்டும் என்று பிரித்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. 2024 ஜூனில் அந்தத் தேர்வில் தேறியவர்கள் 14.96 சதவீதம். நூறு பேரில் 85 பேர் வாசலிலேயே நின்றுவிடும் தொழிலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் நாடு, பள்ளியில் எழுதிப் பழகும் நேரத்தைக் கூட்ட வேண்டும். க்யூட் அதைத் தின்கிறது. 2025இல் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு ஏப்ரல் முதல் வாரம் முடிந்தது, மே 13இல் க்யூட் தொடங்கியது. ஈராண்டு பழகிய கையை ஐந்தாறு வாரத்தில் மறக்கச் சொல்வதுதான் இந்த இடைவெளியின் வேலை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொதுத்தேர்வு மதிப்பெண், தகுதிக்கும் இருவர் சமமாக வரும்போது ஒருவரை முந்த விடுவதற்கும் மட்டும்தான். அப்படியிருக்க எந்தப் பிள்ளை இருப்புநிலைக் குறிப்போடு மல்லுக்கட்டும்?

பொதுத்தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்த பழைய முறையில் 2021இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியின் பி.காம். ஆனர்ஸ் கட்ஆஃப் 100 சதவீதத்தைத் தொட்டதே என்பார்கள். தொட்டது, அது கேவலம்தான். விடைத்தாளைத் தாராளமாகத் திருத்தியது குற்றம் என்றால் திருத்தும் முறையைச் சரிசெய்ய வேண்டும். விடைத்தாளையே ஒழிப்பது மருத்துவமா? வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது என்ற வாதமும் நிற்காது. க்யூட் தேர்வே பல நாள், பல ஷிப்டுகளில் நடந்து, மதிப்பெண்ணைச் சூத்திரம் போட்டுச் சமன் செய்துதான் வெளிவருகிறது. ஷிப்டுகளைச் சமன் செய்யத் தெரிந்தவர்களால் வாரியங்களையும் சமன் செய்ய முடியும். போதாததற்கு, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் க்யூட்டில் எழுதலாம் என்று 2025இல் கதவைத் திறந்துவிட்டார்கள். பேரேட்டைக் கண்ணால் பார்க்காதவரும் கணக்குப்பதிவியல் எழுதலாம். இதைச் சுதந்திரம் என்பவர்கள் வணிகவியல் ஆசிரியரின் உழைப்பை மதிக்காதவர்கள்.

தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் தாளில் 90 மதிப்பெண்ணில் 70 எழுதிக் காட்ட வேண்டியவை. நம் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் பி.காம். இடங்களை அந்தப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்புகின்றன. 2022 ஏப்ரல் 11 அன்று க்யூட்டுக்கு எதிராகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியபோது பேசப்பட்டது பெரும்பாலும் மாநில உரிமை. பாடத்தின் உரிமை என்றும் ஒன்று உண்டு. அடுத்த அறிவிக்கையிலேயே கணக்குப்பதிவியலைக் க்யூட் பட்டியலிலிருந்து நீக்கி, மத்தியப் பல்கலைக்கழகங்களின் பி.காம். இடங்கள் அனைத்தையும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கே திருப்பித் தர வேண்டும்.