பிணக்கணக்கு வேண்டாம், நோக்கத்தைப் பாருங்கள்

‘இனப்படுகொலை’ என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி, “எத்தனை லட்சம் பேர் செத்தார்கள்?” எண்ணிக்கை போதவில்லை என்றால், அந்தச் சொல்லே மிகை என்று தள்ளிவிடுகிறார்கள். இந்த வாதம் அடி முதல் நுனி வரை தவறு.

‘லட்சக்கணக்கில் செத்தால்தான் இனப்படுகொலை’ என்கிறார்கள். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கையில் எந்த எண்ணும் இல்லை. ஒரு தேசிய, இன, மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்றுதான் அது கேட்கிறது. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் குடும்பத்திலிருந்து பிரித்தார்கள். பெண்களைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். காட்டு வழியே தப்பி ஓடிய ஆண்களையும் பிடித்தார்கள். கொல்லப்பட்டவர்கள் சுமார் 8,000 பேர். பின்னர் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு இடங்களில் மறைத்தார்கள். ஆண்கள் இல்லாமல் அந்தச் சமூகம் அங்கே மீண்டும் தழைக்காது என்பதைக் கொன்றவர்கள் அறிந்தே செய்தார்கள். ஹேக் தீர்ப்பாயம் இதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது.

‘சாவு மிகுந்தால் அது தானாகவே இனப்படுகொலை’ என்பதும் சரியல்ல. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆட்சியின் தலைவர்கள் மீதான 2018 நீதிமன்றத் தீர்ப்போ வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் ஆகியோருக்கு இழைத்ததை மட்டுமே இனப்படுகொலை என்றது. பிறருக்கு இழைத்த கொடுமைகளுக்கு மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயரில் தண்டனை வழங்கியது. அந்தப் பெயரால் அவர்களுடைய சாவு சிறியதாகிவிடவில்லை.

‘கொலை நடந்தால்தான் குற்றம்’ என்பது அடுத்த வாதம். உடன்படிக்கை ஐந்து செயல்களைப் பட்டியலிடுகிறது. கொலை அதில் ஒன்று. அழிக்கும் நோக்கத்தோடு அந்தக் குழுவில் பிறப்பைத் தடுப்பதும், குழந்தைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் ஒப்படைப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன.

‘போரில் அரசு செய்தால்தான்’ என்பதும் நிற்காது. அமைதிக் காலத்திலும் இது குற்றம். ஆட்சியாளர், அதிகாரி, தனியாள் யார் செய்தாலும் தண்டனை உண்டு.

உடன்படிக்கையின் பெயரிலேயே தண்டிப்பதற்கு முன்பாகத் தடுப்பது இருக்கிறது. கடுமையான ஆபத்து இருப்பதை ஓர் அரசு அறிந்த கணமே தடுக்கும் கடமை பிறக்கிறது என்று 2007இல் சர்வதேச நீதிமன்றம் கூறியது. எண்ணி முடித்த பிறகே பெயர் சொல்வோம் என்பவர்கள் அந்தக் கடமையைக் கைகழுவுகிறார்கள்.