குளிரில் தொலையும் கசப்பு

டிராம்பேயிலிருந்து செம்பூர் வரை பியர் என்றால் பல் கூசும் சில்லிப்புதான். மும்பை வெயிலுக்கு அது சரி. பேல் ஏல் என்னும் பியர் வகைக்கு அநியாயம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டன் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் ஆலையின் பேல் ஏல் கப்பலேறி இந்தியா வந்தது. நம் ஊரிலேயே சிறு ஆலைகள் வடிக்க வெகுகாலம் ஆயிற்று: புனேயில் டூலாலி 2009இல், மும்பை லோயர் பரேலில் ஒயிட் அவுல் 2014இல்.

பியருக்கு மதிப்பெண் போடுவது எப்படி? பி.ஜே.சி.பி. என்னும் பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் நடுவர்கள் தாளில் மொத்தம் 50. சுவைக்கு 20, மணத்துக்கு 12. தோற்றத்துக்கு வெறும் 3! படம் எடுத்துப் போடுவதற்காகவே குடிப்பவர்கள் கவனிக்க. மீதியில் 5 வாயில் உணரும் கனத்துக்கு, 10 மொத்த அபிப்பிராயத்துக்கு.

அந்த 12 மதிப்பெண்ணைத்தான் குளிர் தின்றுவிடுகிறது. ஹாப் பூவின் எலுமிச்சைத் தோல் வாசம், மால்ட்டின் ரொட்டி மணம் எல்லாம் பியர் சற்றே சூடேறினால்தான் மேலெழும்பும். சுண்டைக்காய் வற்றலை ரசிக்கும் நாக்குக்கு ஹாப் கசப்பு புதிதல்ல. கடைக்காரர்கள் கோப்பையை உறையவைப்பதை நிறுத்தட்டும். குடிப்பவர்கள் பத்து நிமிடம் பொறுத்து மதிப்பெண் போடட்டும்.