ஈரக்காற்றுக்கு ஏன் சன்னலைத் திறக்க வேண்டும்?

கனடாவின் பசிபிக் கரையில், வான்கூவரைச் சுற்றிய தாழ்நிலத்தில், அக்டோபர் பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். பகலில் 12, 13 டிகிரி, இரவில் 6, 7 டிகிரி, விடிந்தால் மூடுபனி. சராசரிக் கணக்கில் நவம்பரே ஆண்டின் மிக ஈரமான மாதம். கஞ்சாச் செடியோ இரவு நீண்டால்தான் பூக்கும் இனம். ஆகஸ்டில் பூவெடுத்து, மழை இறங்குகிற அதே வாரங்களில் பூங்கொத்து முற்றி அறுவடைக்கு வந்து நிற்கும். பயிரின் நாட்காட்டியும் வானத்தின் நாட்காட்டியும் இப்படி மோதிக்கொள்வதுதான் அங்குள்ள சாகுபடியாளர்களின் முதல் கவலை.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டத்துக்கு உட்பட்ட பயிர். உரிமம் பெற்றவர்கள் பெரிய கண்ணாடிக் குடில்களில் வளர்க்கிறார்கள். ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்த்துக்கொள்ளவும் கூட்டாட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கியூபெக் மாகாணம் வீட்டுச் சாகுபடிக்குப் போட்ட தடை செல்லும் என்று 2023இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமமில்லாமல் கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. இங்கே பேசுவது அனுமதி உள்ள இடத்துச் சாகுபடியைப் பற்றி. ஆனால் இதில் வரும் காற்றின் கணக்கு கொடைக்கானல் குடிலில் வளரும் கார்னேஷனுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஒரே தவறான எண்ணம் பயிரைக் கெடுக்கிறது. வெளியே மழை, ஈரமானி 100 காட்டுகிறது. இந்த ஈரத்தை உள்ளே விடுவானேன் என்று கூரைச் சன்னலையும் கதவையும் அடைத்துவிடுகிறார்கள். எரிபொருள் மிச்சம் என்று ஹீட்டரையும் அணைத்துவிடுகிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. பத்து நாளில் பூங்கொத்துகள் உள்ளிருந்து அழுகத் தொடங்குகின்றன. பழி மழைமேல் விழுகிறது. உண்மையில் அந்த ஈரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்ததே இல்லை.

ஈரமானி காட்டும் விழுக்காடு காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு தாங்குமோ, அதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9.4 கிராம்தான். ஆகவே வெளியே 10 டிகிரியில் மழையில் நனைந்து 100 விழுக்காடு நிரம்பிய காற்றில் இருப்பதே 9.4 கிராம். அந்தக் காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 52, 53 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். நனைந்த காற்று என்று நாம் அஞ்சியது, சூடேறிய குடிலுக்குள் வந்ததும் உலர்ந்த காற்றாகிவிடுகிறது. இருபது டிகிரி வரை போகவும் தேவையில்லை. 10 டிகிரிக் காற்றை 14 டிகிரிக்கு ஏற்றினாலே 100 என்பது 77 ஆகிறது. வீட்டுத் தோட்டத்தில் சின்ன ஹீட்டர் வைத்திருப்பவர் மனத்தில் இருத்த வேண்டியது இந்த எண்ணைத்தான்.

மறுபக்கக் கணக்கையும் பார்ப்போம். பின்கட்டில் 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள குடில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 15 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரியில் அந்தக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய தண்ணீர் சுமார் 260 கிராம், அதாவது ஒரு டம்ளர். நன்கு வளர்ந்த நான்கு செடிகளோ நல்ல வெயில் நாளில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கும். வேர் உறிஞ்சுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலான பங்கு இலை வழியே ஆவியாகக் காற்றுக்கே திரும்புகிறது. சன்னலை அடைத்த குடிலில் அந்த லிட்டர்கள் எங்கே போகும்? ஒரு டம்ளருக்கு மட்டுமே இடமுள்ள காற்று நிரம்பி வழிந்து, குளிர்ந்த கூரையிலும் சுவரிலும் கடைசியில் பூவிலும் நீராக இறங்கும். மழையை வெளியே நிறுத்திவிட்டோம் என்று நினைத்தவர் செடியின் மூச்சை உள்ளே பூட்டியிருக்கிறார்.

அதனால் செய்ய வேண்டியது, சிறிது சூடேற்றிக்கொண்டே சிறிது திறந்து வைப்பது. தக்காளி, குடைமிளகாய் வளர்க்கும் கண்ணாடிக் குடில்களில் இது பழைய நடைமுறை. குளிர்கால இரவுகளில் வெந்நீர்க் குழாயைக் குறைந்த சூட்டில் ஓடவிட்டு, கூரைச் சன்னலை ஒரு விரற்கடை திறந்து வைப்பார்கள். வான்கூவருக்குத் தெற்கே டெல்டாவில் தக்காளி விளைந்த பெரிய குடில்கள் கஞ்சாவுக்கு மாறியபோது, அந்த அனுபவமும் சேர்ந்தே கைமாறியது. சூட்டை வெளியே விடுகிறோமே என்று மனம் பதைக்கத்தான் செய்யும். வெளியேறும் காற்று சூட்டை மட்டும் கொண்டுபோவதில்லை, ஒவ்வொரு கன மீட்டரிலும் ஐந்தாறு கிராம் தண்ணீரையும் சுமந்து செல்கிறது. எரிபொருளுக்குக் கொடுக்கும் காசு அந்தத் தண்ணீரை வெளியேற்றும் கூலி.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சில இலையுதிர்கால நாட்களில் பசிபிக் பெருங்கடலிலிருந்து வெதுவெதுப்பான மழைக்காற்று வரும். வெளியே 14 டிகிரி; இரவு முழுவதும் சூடில்லாமல் கிடந்த குடிலில் பூங்கொத்து 9 டிகிரியில் இருக்கிறது. அப்போது கதவைத் திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் பூ வியர்க்கும். வெளிக்காற்று செடியைவிடச் சூடாக இருந்தால் முதலில் செடியைச் சூடேற்ற வேண்டும், பிறகே திறக்க வேண்டும்.

இந்த வியர்வை தினமும் வருகிற நேரம் ஒன்றும் இருக்கிறது, விடியற்காலை. 20 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ பதினாறரை டிகிரி. அதாவது அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் நீர் படியும். சூரியன் வந்ததும் காற்று மளமளவென்று சூடேறும், இலையும் விழித்து ஆவியைக் கக்கத் தொடங்கும். கட்டை விரலைவிடத் தடித்த அடர்ந்த பூங்கொத்து மட்டும் இரவின் குளிரை விடாமல் பின்தங்கி நிற்கும். காற்றுக்கும் பூவுக்கும் இடையிலான அந்த நாலைந்து டிகிரி வித்தியாசத்தில்தான் பூவுக்குள் ஈரம் ஊறுகிறது. கைதேர்ந்த சாகுபடியாளர்கள் பொழுது புலர்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சூட்டை மெல்ல ஏற்றத் தொடங்குவது இதனால்தான். மணிக்கு ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி போதும், பூவும் காற்றோடு சேர்ந்தே சூடேறிவிடும்.

ஈரம் ஊறிய பூவில் நுழைவது போட்ரைட்டிஸ் சினெரியா என்னும் பூஞ்சை. இலைமேல் வெள்ளை மாவாகப் படியும் சாம்பல் நோய் வேறு. இது உள்ளிருந்து அழுக வைப்பது. இதன் வித்துகள் எங்கும் மிதந்துகொண்டே இருப்பதால், வராமல் தடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. முளைக்க விடாமல் பார்த்துக்கொள்வதே வழி. முளைக்க அதற்குச் சில மணி நேரம் தொடர்ந்து ஈரப்பரப்போ, ஈரம் நிறைந்த காற்றோ வேண்டும். 15 முதல் 23 டிகிரி வரை அதற்கு மிகவும் உகந்தது. குளிர்ந்தால் மெதுவாகுமே தவிர நிற்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ஸ்ட்ராபெரியில் சாம்பல் நிற முடி முளைப்பது இதே பூஞ்சையால்தான். பிரான்சின் சோத்தேர்ன் பகுதியில் திராட்சைமேல் இதே பூஞ்சை படர்வதை விரும்பிக் காத்திருக்கிறார்கள். அங்கே காலையில் ஆற்றிலிருந்து எழும் மூடுபனி, பிற்பகலில் உலர்த்தும் வெயில். பழம் சுருங்கி இனிப்பு ஏறுகிறது. பிற்பகலும் ஈரமாகவே போய்விட்டால் அங்கேயும் மிஞ்சுவது வெறும் அழுகல். ஒரு நாளில் பூ எத்தனை மணி நேரம் காய்ந்திருந்தது என்பதைச் சாகுபடியாளர் கணக்கு வைத்துக்கொள்ள இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

நோயை முதலில் காட்டிக்கொடுப்பது பூங்கொத்துக்குள்ளிருந்து நீட்டியிருக்கும் ஒரு சிறு இலை. சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருக்க அது மட்டும் வாடிப் பழுத்திருக்கும், தொட்டால் கையோடு வந்துவிடும். பிரித்துப் பார்த்தால் தண்டோரம் பழுப்பேறிக் கொழகொழவென்றிருக்கும். அந்தக் கொத்தை அழுகலுக்குக் கீழே நல்ல தண்டு வரை வெட்டி, அங்கேயே பைக்குள் போட்டு மூடி வெளியேற்ற வேண்டும். கையில் பிடித்துக் குடில் முழுக்க நடந்தால் வித்துகளை நாமே தூவியதாகும். புழு துளைத்த இடம், காய்ந்த பழைய இலை, ஒடிந்த கிளை எல்லாம் பூஞ்சைக்கு வாசல்கள். ஆகவே பூவெடுத்த பின் தினமும் கண்காணிப்பு தேவை.

சூடும் காற்றோட்டமும் சரியாக இருந்தாலும் சில சில்லறைத் தவறுகள் எல்லாவற்றையும் பாழாக்கும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் அவற்றில் மோசமானது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். சூடு கொடுக்கிறது என்று நம்பி அடுப்போடு ஒரு குடம் தண்ணீரையும் உள்ளே வைத்ததற்குச் சமம். அடைத்த இடத்தில் அது விடும் கார்பன் மோனாக்சைடு மனிதருக்கே ஆபத்து. மின்சார ஹீட்டரில் இந்தத் தொல்லை இல்லை. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ஈரம் உறிஞ்சும் இயந்திரங்களில் கம்பிரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே திணறும், அதன் குழாய்ச் சுருளில் பனி உறைந்துவிடும். குளிர்ந்த குடிலுக்கு ரசாயன உறிஞ்சி வகையே பொருத்தம். தண்ணீர் காலையில் ஊற்றுவது நல்லது, மாலையில் ஊற்றினால் ஈரம் இரவுக்கு மிஞ்சும். விசிறி ஈரத்தைக் குறைக்காது. ஆனால் இலைகளுக்கிடையே தேங்கிய காற்றைக் கலைத்துவிடும், அதனால் இரவிலும் அது ஓடட்டும். ஈரமானியைக் கதவோரச் சுவரில் மாட்டிவிட்டு 65 காட்டுகிறது என்று நிம்மதியடைவதில் பயனில்லை. செடிகளுக்கு நடுவே, பூவின் உயரத்தில், வெயில் நேரே படாமல் தொங்கவிட்டால்தான் அது உண்மை பேசும். அப்போதும் கொத்தின் உள்ளே ஈரம் அதைவிடக் கூடுதல்தான்.

மழையோடு மல்லுக்கு நிற்காமல் அதற்கு முன்பே அறுவடையை முடித்துவிடும் வழியும் உண்டு. கோடையில் மாலைதோறும் கருந்திரை போர்த்தி 12 மணி நேர இரவை உண்டாக்கினால் செடி முன்கூட்டியே பூக்கும், ஆகஸ்டிலேயே வெட்டிவிடலாம். ஆனால் திரைக்குள் ஈரம் சிக்கும். நன்றாக இருட்டிய பின் திரையை விலக்கிக் குடிலை மூச்சுவிட வைத்து, விடிவதற்குள் மறுபடி மூடுவதே முறை. ரகமும் முக்கியம். ஆப்கானிய மலைகளின் வறண்ட காற்றில் உருவான ரகங்கள் கல்போல் இறுகிய பூக்களைத் தரும். சந்தை விரும்புவதும் அதைத்தான், பூஞ்சை விரும்புவதும் அதைத்தான். தென்னிந்தியா, தாய்லாந்து போன்ற ஈர வெப்ப நிலங்களின் ரகங்களில் பூ நெகிழ்ந்து காற்று புகும்படி இருக்கும். அழுகலை அவை நன்றாகவே தாங்கும். ஆனால் முற்ற நெடுநாள் பிடிப்பதால் 49 டிகிரி வடக்கு அட்சரேகையில் டிசம்பர் வரை காத்துக் கிடக்க நேரிடும். நடுத்தரமாக, சீக்கிரம் முற்றும் நெகிழ்ந்த பூ ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே வீட்டுக் குடிலுக்கு உகந்தது என்பது எங்கள் கருத்து.

மருந்தடித்துவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். தக்காளியைக் கழுவிச் சாப்பிடுகிறோம். இந்தப் பூவைப் பலர் எரித்து நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். திராட்சைக்கு அடிக்கும் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி சூடானால் ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். அதன் எச்சம் இருந்ததற்காகக் கனடாவில் மருத்துவக் கஞ்சா திரும்பப் பெறப்பட்டதும், 2019 சனவரி முதல் உரிமதாரர்களுக்குப் பூச்சிமருந்துச் சோதனை கட்டாயமானதும் அங்கே பலருக்கும் நினைவிருக்கும். இந்தப் பூவை மருத்துவர் அனுமதியோடு வாங்குபவர்களில் புற்றுநோய்ச் சிகிச்சையில் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் இருக்கிறார்கள். ஈரப் பூவில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் அவர்களுடைய நுரையீரலில் கொடிய தொற்றை உண்டாக்கக்கூடும். கெட்ட ஓரத்தை மட்டும் கிள்ளிவிட்டு மீதியைக் காயவைப்போம் என்ற பழக்கத்தை நாங்கள் அழுத்தமாக எதிர்ப்பது இதனால்தான். கண்ணுக்குத் தெரியும் அழுகலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாதது பரவியிருக்கும்.

அதே காரணத்தால் அறுவடையோடு வேலை முடிவதில்லை. ஈரம் நிறைந்த கொட்டகையில் தொங்கவிட்ட பூ, குடிலில் தப்பித்த பூஞ்சைக்கு இரண்டாம் வாய்ப்பைக் கொடுக்கும். 15 முதல் 20 டிகிரி வரையிலான இருட்டறையில், 50, 60 விழுக்காடு ஈரப்பதத்தில், விசிறிக் காற்று பூமேல் நேரே படாமல் மெல்ல உலர்த்த வேண்டும். தொழில்முறைச் சாகுபடியாளர்கள் நீர்ச்செயல்திறன் என்ற அளவைப் பார்க்கிறார்கள். அது 0.55க்கும் 0.65க்கும் இடையில் வந்தபின்தான் பூவை மூடிய கலனில் அடைப்பார்கள். அதற்கு மேலே பூஞ்சை வளரத் தண்ணீர் கிடைத்துவிடும், கீழே போனால் பூ பொடிந்து மணம் போய்விடும். அந்த அளவுமானி இல்லாத வீட்டுக்காரர், மூடிய பாட்டிலுக்குள் ஒரு சிறு ஈரமானியைப் போட்டு ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். 65க்கு மேல் நின்றால் பூவை வெளியே எடுத்து இன்னும் காயவிட வேண்டும்.